தீப்பெட்டிக் குறிப்புகள்

நேற்று ஒரு தீப்பெட்டியைக் கொட்டி எண்ணினேன். 47 குச்சி. ஒன்றில் மருந்தே இல்லை. இரண்டு தலையோடு தலை ஒட்டிக் கிடந்தன.

விலை 2 ரூபாய்.

2007இல் 50 காசு 1 ரூபாயானது. அடுத்த ஏற்றம் 2021 டிசம்பர் 1. நடுவில் 14 வருஷம்.

அந்த 14 வருஷத்தில் மெழுகு ஏறியது, அட்டை ஏறியது, சிவப்பு பாஸ்பரஸ் ஏறியது. ஒருவர் மட்டும் விலையை ஏற்ற முடியாது. கடைக்காரர் பக்கத்து லேபிளுக்குப் போய்விடுவார். கடைசியில் சங்கங்கள் சிவகாசியில் கூடி, எல்லோரும் ஒரே நாளில் ஏற்றினார்கள்.

1 ரூபாய்ப் பெட்டியில் 36 குச்சி. 2 ரூபாய்க்கு 50 என்று பேச்சு.

சென்னை மெட்ரோவில் கடைசிப் பக்கம் ஒரு நிலையம், விம்கோ நகர். எத்தனை பேருக்குத் தெரியும், அது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்று? சுவீடன்காரர்கள் தொடங்கியது. பெரிய ஆலை, பெரிய இயந்திரம்.

அதற்கு எதிரே நின்றது சிவகாசியின் கை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த ஊர். தீப்பெட்டி காய அதுவே வசதி.

அப்போது கையால் செய்தால் வரி குறைவு. இயந்திரத்துக்கு அதிகம். சின்னதுக்கு இன்னும் குறைவு.

அதனால் வளர்ந்தவர் பெரிய ஆலை கட்டவில்லை. இன்னொரு சின்ன ஆலை கட்டினார். மகன் பேரில் ஒன்று, மருமகன் பேரில் ஒன்று.

இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கணக்குத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்.

வரி மட்டுமல்ல, ஒதுக்கீடும் இருந்தது. 1967இல் 47 பொருள்கள் சிறுதொழிலுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டன. பட்டியல் பிறகு 800ஐத் தாண்டியது. கடைசி 20 பொருள்கள் நீங்கியது 2015 ஏப்ரலில். அவற்றில் சில: ஊறுகாய், ரொட்டி, மெழுகுவத்தி, கண்ணாடி வளையல், பூட்டு, நோட்டுப் புத்தகம், பட்டாசு, தீப்பெட்டி.

பூட்டு ஏன் அவ்வளவு நாள் இருந்தது? வளையல் ஏன்?

2017இல் ஓர் ஆய்வு. லெஸ்லி மார்ட்டின், சாந்தி நடராஜ், ஆன் ஹாரிசன். ஒதுக்கீடு நீங்கிய பொருள்கள் அதிகமிருந்த மாவட்டங்களில் வேலை கூடியது என்கிறார்கள். புதிதாக வந்தவர்களும், வளரத் துடித்துக்கொண்டிருந்தவர்களும் ஆள் எடுத்தார்கள். பழைய சின்ன ஆலைகள் சுருங்கின. கணக்கு 2007 வரை. தீப்பெட்டி அப்போது பட்டியலுக்குள்ளேயே இருந்தது.

சுருங்கிய ஆலையில் இருந்தவர்தான் புதிய ஆலைக்குப் போனாரா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

தீப்பெட்டி ஆலையில், கட்டையில் குச்சி அடுக்கும் பெண்ணின் விரல்கள். கண் பார்ப்பதில்லை. வாய் பக்கத்தில் இருப்பவளோடு பேசுகிறது. குச்சி தானாகப் போய் வரிசையில் உட்காருகிறது.

இதே வேலையைப் பிள்ளைகள் செய்த காலமும் உண்டு. விடியுமுன் கிராமத்துக்கு வண்டி வரும். 1986 சட்டம் தடுத்தது. அந்த ஒரு விதிக்காக எந்த வளர்ச்சி குறைந்தாலும் குறையட்டும்.

2017 ஜி.எஸ்.டி.: கைவேலைக்கு 5 சதவீதம், இயந்திரத்துக்கு 18. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் மெஷின் வைத்தவர் எந்தப் பக்கம்? 2020 ஏப்ரலில் அது எல்லோருக்கும் 12 ஆனது.

டீக்கடையில் சணல் கயிற்றில் ஒரு லைட்டர் தொங்குகிறது. முன்பு அங்கே தீப்பெட்டி இருந்தது.

10 ரூபாய் லைட்டர் 20 தீப்பெட்டிக்குச் சமம் என்று 2022இல் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்கு எழுதினார்.

2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை.

லைட்டரைத் தடுத்தாகிவிட்டது. கேஸ் அடுப்பின் பொறியை யார் தடுப்பார்கள்? மின்சாரத்தை?

தீப்பெட்டி வாங்கினால் திருப்பிப் பாருங்கள். ஊர்ப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம். ஒரு முறையாவது வாசித்துவிட்டுப் பற்றவையுங்கள்.