கள்ளத்தோணி என்று நான் சொன்ன அன்று

 

போன கிழமை ஒரு மாணவனிடம் பிழை விட்டுவிட்டேன். எழுதாவிட்டால் மனம் ஆறாது.

எனக்கு ஊர் அக்கரைப்பற்று. வரலாறு படிப்பிப்பது ஆலையடிவேம்பில். இடைவேளையில் பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் காதில் இயர்போனோடு இருந்தான். வாங்கிக் கேட்டேன். இங்கிலிஷ் பாட்டு, நடுவில் துவக்கு வெடிக்கும் சத்தம்.

"இந்த ஊர்ல கேட்ட வெடி காணாதா மகன்?" என்றேன்.

"சேர், இது நம்மட ஆள் பாடினது. வீசா இல்லாத ஆக்களப் பத்தின பாட்டு."

"கள்ளத்தோணியில போறவனுகளுக்குப் பாட்டு வேறயா?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் பிறகு வந்து சொன்னான்: "சேர், அவன்ட அண்ணன் 2012 இல படகுல அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். இன்னும் நிரந்தர வீசா இல்ல. அம்மாவப் பார்க்க வர ஏலாம இருக்கார்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பாட்டைத் தேடினேன்.

பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986 இல் தாயோடு அகதியாகத் திரும்பவும் லண்டன் போனவர். பாட்டின் பெயர் 'பேப்பர் பிளேன்ஸ்', 2007 இல் வந்தது. அமெரிக்க வீசாவுக்கு அலைந்த காலத்தில் பிறந்த பாட்டு. வந்து குடியேறியவன் என்றால் துவக்கோடும் காசு ஆசையோடும் வந்தவன் என்று பார்க்கிற கண்ணைத்தான் அந்த வெடிச்சத்தமும் காசுப்பெட்டிச் சத்தமும் நக்கல் பண்ணுகின்றன. எனக்கும் அந்தக் கண்தான் இருந்திருக்கிறது.

அதன் மெட்டு 'த கிளாஷ்' என்ற ஆங்கிலேய பங்க் குழுவின் 1982 ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. அங்கிருந்து கதை இன்னும் பின்னால் போகிறது. 1948 இல் 'விண்ட்ரஷ்' கப்பல் ஜமைக்காவிலிருந்து ஆட்களை லண்டனுக்குக் கொண்டுவந்தது. பின்னால் அவர்களின் ரெகே இசையும் அங்கே வேரூன்றியது. 1974 இல் பொப் மார்லியின் ரெகே பாட்டொன்றைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார் எரிக் கிளப்டன். அதே மனிதர் 1976 இல் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். பாட்டு வேண்டும், பாடினவன் வேண்டாம்! அந்தக் கோபத்தில் 'இனவாதத்துக்கு எதிரான ரொக்' இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 ஆம் திகதி லண்டன் விக்டோரியா பூங்காவில் கிளாஷ் குழுவும், கறுப்பின இளைஞரின் 'ஸ்டீல் பல்ஸ்' ரெகே குழுவும் ஒரே மேடையில் பாடின. கேட்கப் பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

1948 என்றதும் எனக்கு நம்மட நாடு நினைவு வந்தது. அதே வருசம்தான் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றவரானார்கள். அவர்களை ஏசிய சொல்தான் 'கள்ளத்தோணி'. படிப்பிக்கிற வரலாற்றிலேயே இருக்கிற சொல்லை யோசிக்காமல் ஒரு பிள்ளையின் முகத்தில் எறிந்திருக்கிறேன். "அரபு நாட்டுக்குப் போங்கடா" என்று எங்களைப் பார்த்து யாராவது சொன்னால் எப்படிக் கொதிக்கிறோம்!

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தப் பாடகியின் ஆரம்பகாலப் படங்களில் புலி உருவங்கள் இருக்கும். அதைப் பார்க்கும்போது, 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய எங்கள் சனம்தான் எனக்கு முதலில் நினைவு வரும். அந்த நெருடல் போகாது, போகவும் தேவையில்லை. ஆனால் என் காயத்தைக் காரணம் காட்டி அந்தப் பொடியனின் காயத்தை இல்லையென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. என் தம்பியும் கட்டாரில்தான் இருக்கிறான். இக்காமா முடியப்போகிறது என்றால் எங்கள் உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்பமாட்டார்.

அடுத்த நாள் முதல் பாடத்தில், அதே வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "மகன், நேத்து சேர் சொன்னது பிழை" என்றேன். பிறகு கரும்பலகையில் 1948 என்று எழுதி, கீழே இரண்டு நாடுகளின் கதையையும் படிப்பித்தேன்.

மணி அடித்த பிறகு அவன் கிட்ட வந்தான். "சேர், அண்ணன் இன்டைக்கு இரவு கோல் எடுப்பார். நீங்க சொன்னதச் சொல்லட்டா?"

"சொல்லு மகன். சேர் சலாம் சொன்னதாகவும் சொல்லு."