வரியும் வழிச்செலவும்

‘வரி’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். வீரபாண்டியில் அப்பா நடத்தும் மளிகைக் கடை, கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் மட்டுமே கூட்டம் காணும். மற்ற நாட்களில் உப்பும் புளியுந்தான். ஆயினும் எவ்வளவு வரி கேட்பார்களோ என்ற அச்சத்தில் அவர் கணக்கே எழுதுவதில்லை. கணக்கில்லாத இடத்தில் வரி இல்லை என்பது அவர் கட்சி!

சென்ற கோடையில் குடும்பத்தோடு மதுரை போய்வர வேண்டும் என்றாள் அம்மா. கடைக்கு வரும் பெரியவர் ஒருவர், “போற செலவைக் கொள்முதல் செலவுன்னு எழுதி வை தம்பி, வரியில கழிச்சிரலாம்” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். “நீதான் காலேஜு படிக்கிறியே, நடக்குமான்னு பாத்துச் சொல்லு தாயி.” நான் படிப்பதோ இயற்பியல்! ஆனால் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் தேடிப் படித்தேன். சிறு வணிகர் விரும்பினால், செலவுச் சீட்டு ஏதுமின்றி, விற்பனையில் நூற்றுக்கு 8 பங்கை இலாபமாகக் காட்டலாம்; வங்கி, கைப்பேசி வழியாக வந்த தொகைக்கு 6 பங்கு போதும். ஆனால் அதற்குமேல் எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மதுரைப் பயணம் கிடக்கட்டும், கடை வாடகையைக்கூடக் கழிக்க முடியாது. அந்த முறையை விட்டு முழுக் கணக்கு எழுதினாலும் குடும்பப் பயணம் சொந்தச் செலவே. கொள்முதல் என்று எழுதுவது பொய்க் கணக்கு.

பிறகு அப்பாவோடு உட்கார்ந்து ஆண்டு விற்பனையைக் கூட்டினேன். 15 இலட்சம் வந்தது. நூற்றுக்கு 8 என்றால் 1,20,000. 2025–26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 4 இலட்சம் வரை வருமான வரியே இல்லை. பொருள் மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்பனை 40 இலட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வங்கியில் கடன் கேட்டபோது, வருமானக் கணக்குத் தாக்கல் செய்த சான்று இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். வெளியே மூன்று வட்டிக்கு 50,000 வாங்கினார். மாதம் 1,500 வீதம் இதுவரை 36,000 வட்டி போயிற்று. அவர் ஒளித்த வரியோ சுழியம்!

மதுரைக்கும் போனோம். தேனி வரை நகரப் பேருந்து. 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அப்பாவுக்கும் தம்பிக்கும் மட்டுமே சீட்டு. தேனியிலிருந்து இரயில். 2010 இறுதியில் நின்ற மீட்டர் பாதை, அகலப் பாதையாகி 2022 மே 26-இல் திரும்பி வந்தது. அன்று மதுரைக்குக் கட்டணம் 45 ரூபாய். ஒரு குறை சொல்லவேண்டும். நாங்கள் ஏறிய வண்டி காலையில் மதுரையிலிருந்து வந்து மாலையில் திரும்புவது. நம் பக்கத்தார் ஒரே நாளில் போய்வர அது உதவாது. அத்தை வீடு இருந்ததால் விடுதிச் செலவின்றி இரண்டு இரவு தங்கினோம்.

1959-இல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இரத்தக் கறை படிந்த அந்தத் துணியின் முன் எல்லோரும் நின்றனர். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி நான் சொன்னபோது அப்பா வியந்தார்.

“உப்புக்குமா வரி போட்டான்?”

“இப்போது உப்புக்கு வரி இல்லை அப்பா.”

“அது எனக்குத் தெரியும், நான் விக்கிறவன்” என்று சிரித்தார்.

திரும்பும்போது, ஆண்டிபட்டி தாண்டியதும், என் பழைய சோதனைச்சாலை ஏட்டில் எழுதாத தாள் எத்தனை இருக்கும் என்று கேட்டார். மறுநாள் முதல் பக்கத்தில் தேதி போட்டு, “உப்பு, 2 பொட்டலம்” என்று எழுதியிருந்தார்.