புதுச்சேரியில் ஓர் இரவு: சுவரைத் தட்டிப் பார்த்து எடுத்த அறை

தைக் கடைசியில் நெல் அறுப்பு முடிந்து களம் காலியான பிறகுதான் அவர்களுக்கு ஒழிந்தது. திண்டிவனம் பக்கத்துக் கிராமம். 2 ஏக்கர் நெல், ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை. கல்யாணமாகி 40 வருடம் ஆனதற்காக, சென்னையில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பி, "புதுச்சேரியில பழைய காலத்து வீட்டு ஹோட்டல் ஒண்ணுல ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தான். ஊரிலுள்ள திண்ணை வீட்டைச் சித்திரையில் இடித்துவிட்டு மாடி வீடு கட்ட மேஸ்திரியிடம் பேசி வைத்திருப்பதும் அதே மகன்தான்.

புதுச்சேரி அவர்களுக்குப் புதிது இல்லை. ஆஸ்பத்திரி, மோட்டார் சாமான், ஜவுளி என்று எத்தனையோ முறை வந்திருக்கிறார்கள். ராத்திரி தங்கியது மட்டும் இல்லை. மகன் நாலைந்து ஹோட்டல் பெயர்களை எழுதிக் கொடுத்து, முன்பதிவு செய்யவா என்று கேட்டான். "நேர்ல பார்த்துட்டு எடுத்துக்கிறோம்" என்று அம்மா சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை என்பதால் அது நடந்தது. வெள்ளி, சனி என்றால் சென்னை, பெங்களூரு கார்கள் வந்து நிறைந்துவிடும், வாடகையும் ஏறிவிடும். டிசம்பர் கடைசி வாரம், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14, அரவிந்தர் பிறந்தநாளான ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களை ஒட்டி முன்பதிவு இல்லாமல் போய் நிற்பது வீண் அலைச்சல்.

இந்த வகை ஹோட்டலுக்குப் 'பொட்டிக் ஹோட்டல்' என்று பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கடை, அவ்வளவுதான். ஹோட்டலுக்கு அது வரும்போது, அறைகள் குறைவு, ஓர் அறை போல இன்னொன்று இருக்காது என்று பொருள். சங்கிலித்தொடர் ஹோட்டலில் ஓர் அறையைப் பார்த்தால் எல்லா அறையையும் பார்த்த மாதிரி. இங்கே அப்படி இல்லை. ஒரே வாடகையில் ஓர் அறை முற்றத்தைப் பார்த்து காற்றோட்டமாக இருக்கும், அடுத்தது சந்துச் சுவரைப் பார்த்துப் புழுங்கும். அதனால் எந்த அறை என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது. போனில் பதிவு செய்வதானால் அறையின் படத்தையாவது கேட்டு வாங்கிவிட வேண்டும்.

ஊரின் அமைப்பு தெரிந்தால் தேடுவது பாதி முடிந்தது. 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்து நிலைகொண்டார்கள். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்துச் சில வருடம் வைத்திருந்தார்கள். கட்டம் போட்டதுபோல் நேர்நேராக ஓடும் வீதிகளுக்கு அவர்கள் போட்ட வரைபடம்தான் அடிப்படை என்பார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1763 உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்த பிறகு, பழைய அடித்தளங்களின் மேலேயே பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். ஆகவே இன்று 'பழைய பிரெஞ்சு வீடு' என்று காட்டப்படுவதில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது.

ஊரை இரண்டாகப் பிரிப்பது பெரிய வாய்க்கால். கிழக்கே கடல் பக்கம் வெள்ளையர் பகுதி: துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரேன் வீதி. உயரமான மதில், உள்ளே தோட்டம், மஞ்சள் சுவரில் வெள்ளைக் கரை, ஆள் உயரத்துக்கு மேலே பட்டைச் சட்டம் வைத்த ஜன்னல்கள். மேற்கே தமிழர் பகுதி: வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி. இங்கே மதில் கிடையாது. திண்ணை, அதன் மேல் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், உள்ளே நடை, முற்றம். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் வீடாகவும் மேல்தளம் பிரெஞ்சு வீடாகவும் இருக்கும். துபாஷ் ஆனந்தரங்கம் பிள்ளை காலத்திலேயே இந்தக் கலப்பு தொடங்கிவிட்டது.

கடலோரம் காலாற நடக்க வேண்டும், அமைதி வேண்டும் என்பவர்களுக்குக் கிழக்குப் பகுதி. கடற்கரைச் சாலையில் மாலைக்கு மேல் வாகனம் விடுவதில்லை என்பதால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பயமின்றி நடக்கலாம். மார்க்கெட், கோயில், நம் சாப்பாடு எல்லாம் கிட்டத்தில் வேண்டும் என்பவர்களுக்கு மேற்குப் பகுதி. வாடகையும் பெரும்பாலும் அங்கே குறைவாகத்தான் இருக்கும். கையில் காசு குறைவு, சுத்தமான இடம் போதும் என்றால் அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. மது, புகை கூடாது, இரவில் கதவை நேரத்தோடு பூட்டிவிடுவார்கள். விடியுமுன் எழுந்து பழகியவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல.

இவர்கள் முதலில் பார்த்தது கடலுக்கு அருகில் ஓர் இடம். அறை அழகாக இருந்தது. ஆனால் கட்டிலுக்குப் பின்னால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து நின்றது. அம்மா விரலால் தொட்டார், பொரிப்பொரியாக உதிர்ந்தது. "நம்ம வீட்டு நெல் ரூம் மாதிரியே இருக்கு" என்றார். ஊரில் அந்தச் சுவரைக் காட்டித்தான் மகன் வீட்டையே இடிக்கலாம் என்கிறான்.

இரண்டாவது இடத்தில் தூண், ஓடு, வளைவு எல்லாம் இருந்தன. பெரியவர் சுவரைக் கைமுட்டியால் தட்டினார், தூணையும் தட்டினார். பிறகு அண்ணாந்து பார்த்தார். மேலே தட்டையான கான்கிரீட், அதன் அடியில் ஒப்புக்கு நாலு மரச்சட்டம் ஒட்டியிருந்தது. பழைய மாதிரியில் புதிதாகக் கட்டியது. அதில் தப்பில்லை. குழாய் நன்றாக வரும், படி சுலபமாக இருக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவே மேல். பழைய வீட்டின் வாடகையை அதற்குக் கேட்டதுதான் அவருக்கு ஒப்பவில்லை.

பழையது எது என்று கண்டுபிடிக்க அண்ணாந்து பார்ப்பதைப்போல எளிய வழி வேறில்லை. நெருக்கமாக உத்திரங்கள், அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சாய்வாட்டமாக, நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூட்டிய தளம், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், மேலே தட்டோடு. இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். கம்பியும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனத்தையும் பார்க்கலாம். ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் பழைய சுவர்தான்.

தூணை மட்டும் நம்பக் கூடாது. இடித்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடியில் கடைகடையாக விற்பனைக்கு நிற்கின்றன. நேற்றுக் கட்டிய ஹோட்டலில் நூறு வருடத் தேக்குத்தூண் இருக்கலாம். அது எந்த ஊர்த் திண்ணையில் நின்றதோ.

மூன்றாவதாகப் பார்த்தது வாய்க்காலுக்கு மேற்கே ஒரு தமிழ் வீடு. மொத்தமே பத்துக்குள் அறைகள். முற்றத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கொத்தனார் அடிச்சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கு அது இடைஞ்சல்தான். பெரியவர் மட்டும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்குத் தம்பி நல்ல பூச்சை எடுக்கறீங்க?"

"நல்ல பூச்சா? இது சிமென்ட்டுங்க ஐயா. முன்னாடி யாரோ பூசிட்டுப் போயிட்டாங்க."

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் தரையிலுள்ள ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சைத் தள்ளி உதிர்க்கும். பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அதே வேலையைத்தான் செய்யும். ஓதம் ஏறியிருக்கும் உயரத்துக்கு மேலேயும் ஓர் அடி சேர்த்துச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பை மணலோடு கலந்து பூசி, மேலே வெறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றிக் கலந்தால் பூச்சு இறுகும். அவசரப்படுகிறவர்களுக்கு இது தோதான வேலை அல்ல. கைபழகிய ஆட்களும் இப்போது குறைவு.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊரில் நெல் அறைக்கு எட்டு வருடம் முன்பு சிமென்ட் பூசியது அவரேதான்.

கொத்தனார் ஆசை காட்டவும் இல்லை. "சுவர் மட்டும் பார்த்தா போதாதுங்க. உத்திரம் சுவருக்குள்ள போற இடத்தைக் குத்திப் பாருங்க. அங்க கரையான் தின்னிருந்தா கதை வேற" என்றார். மழைத்தண்ணீர் தளத்தில் நின்றாலும் அதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுச்சேரி மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. இப்போது கடற்கரையில் நிற்பது அதே தோற்றத்தில் மறுபடி கட்டியது.

அந்த வீட்டிலேயே அறை எடுத்தார்கள். எடுக்கும் முன் அம்மா கேட்ட கேள்விகள் வேறு. வரி சேர்த்தா, சேர்க்காமலா? காலைச் சாப்பாடு வாடகையில் உண்டா? மறுநாள் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்? மாடி அறைக்கு மரப்படி செங்குத்தாக ஏறியது, லிஃப்ட் கிடையாது. அதனால் கீழேயே வேண்டும் என்றார். ஆதார் அட்டை இருவரிடமும் இருந்தது. கார் இருந்திருந்தால் நிறுத்துமிடம் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். அந்த வீதிகளில் அது பெரிய பாடு.

ராத்திரி மின்விசிறி மெதுவாகச் சுற்றியதே போதுமாக இருந்தது. கனத்த சுவரும் முற்றமும் ஏசி போட வேண்டிய வேலையை மிச்சப்படுத்தின. குளியலறையைப் பெரியவர் இரண்டு முறை போய்ப் பார்த்தார். பழைய சுவரில் ஒரு குழாய்கூடப் பதிக்காமல், பின்கட்டில் புதுச் சுவர் எழுப்பி அதற்குள் எல்லாவற்றையும் அடக்கியிருந்தார்கள்.

"பின்னாடி மாட்டுக்கொட்டகை இடம் சும்மாத்தானே கிடக்கு" என்றார் அம்மா.

"மகனுக்கு மாடி வேணுமே."

"அவன் வருஷத்துக்கு நாலு நாள் வர்றான்."

காலையில் கிளம்பும்போது பெரியவர் கொத்தனாரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உத்திரத்தைக் குத்திப் பார்த்துச் சொல்வதாகப் பேச்சு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், மேஸ்திரியிடம் பேசியதை நிறுத்தி வைக்க வேண்டுமே, மகனிடம் யார் சொல்வது என்று அவர் இழுத்தார். "நீங்க ஒண்ணும் பேச வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.