ஸ்டாப்பர் முன்னால் போனால்

நேற்று சாயங்காலம் பையன்கள் ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். போர்ட் பிளேரில் (ஸ்ரீ விஜயபுரம் என்ற புதுப் பெயருக்கு வாய் இன்னும் பழகவில்லை) சீக்கிரமே இருட்டிவிடும் என்று மூன்றரைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கோல் வாங்கியதும், பின்னால் நடுவில் ஸ்டாப்பராக நின்ற கார் நிக்கோபார் பையனை முன்னால் போகச் சொன்னார் கோச். பழக்கதோஷம், பத்து நிமிஷம் பின்னாலேயே ஓடி ஓடி வந்தான். அப்புறம் ஒரு கார்னர். தலையால் ஒரே முட்டு. கோல்!

எனக்கு ஜகார்த்தா ஞாபகம் வந்துவிட்டது. 1962 ஆசிய விளையாட்டு. தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை உட்கார வைக்காமல் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார் பயிற்சியாளர் ரஹீம். இறுதிப்போட்டியில் தென் கொரியாவுக்கு எதிராக பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம். நம் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் கதை இதற்கு நேர் தலைகீழ். மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்குப் போன புதிதில் அவர் சென்டர் ஃபார்வர்டு!

4-2-4, 4-3-3 எல்லாம் பலகையில் வரைய நன்றாகத்தான் இருக்கும். ஒருத்தனை முன்னால் தள்ளினால் பின்னால் விழும் ஓட்டையை யார் அடைப்பது? எனக்குத் தெரிந்து ஃபார்மேஷன் என்பதே அந்தக் கணக்குதான். நேற்று அதை யாரும் போடவில்லை. எதிரணிக்காரர்கள் நடுவழியாகவே வந்து இன்னும் இரண்டு கோல் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது விழும்போது பந்தே சரியாகத் தெரியவில்லை.