மொட்டை மாடி யாருடையது?

தலைநகர்வாழ் தமிழர் பலரைப் போல நானும் என் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு, யமுனைக்கு அப்பால் பட்பட்கஞ்சில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் உறுப்பினனாகி, மேல் தளத்தில் ஒரு வீட்டைப் பெற்றேன். சொந்த வீடு வந்துவிட்டது. இனி எவர் தயவும் நமக்கு வேண்டியதில்லை என்று இறுமாந்திருந்தேன்.

ஓர் ஆவணி மழையில் அவ்விறுமாப்பு கரைந்தது. பூஜையறைக் கூரை ஒழுகிற்று. சங்கச் செயலாளரிடம் முறையிட்டேன். "மொட்டை மாடியைச் செப்பனிடும் செலவு மேல் தளத்தாரையே சேரும், அவ்வாறு தீர்மானம் இருக்கிறது" என்றார் அவர். சினங்கொண்டு, பராமரிப்புக் கட்டணத்தைக் கட்ட மறுத்தேன். ஒழுகல் நிற்கவில்லை; நிலுவை நோட்டீசுதான் வந்து சேர்ந்தது.

கோர்ட்டுக்குப் போவதென்று புறப்பட்ட என்னை, வழக்கறிஞரான நண்பர் ஒருவர் தடுத்தார். "2003ஆம் ஆண்டு டில்லிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 70ஆம் பிரிவின்படி, இத்தகைய வழக்குகள் கூட்டுறவுப் பதிவாளரிடமே செல்லும். மேல்முறையீட்டுக்குக் கூட்டுறவுத் தீர்ப்பாயம் உண்டு. அது கிடக்கட்டும் ஓய், அந்தத் தீர்மானத்தைப் படித்தீரா?" என்று கேட்டார்.

எழுத்து மூலம் கேட்டு, நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பார்த்தேன். 'எதிர்ப்பின்றி நிறைவேறியது' என்றிருந்தது. அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருந்தது. பொதுக்குழு கூடியது என் ஜன்னலுக்கு நேர் கீழே. நானோ, 'இந்தியில் கூச்சலிடுவார்கள், நமக்கேன் வம்பு?' என்று மேலே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். எதிர்த்திருக்க வேண்டியவன் நானே அல்லவா?

நிலுவையைச் செலுத்தினேன். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்தேன். அன்று எழுந்து நின்று, தட்டுத்தடுமாறிய இந்தியில், "மொட்டை மாடி மேல் தளத்தாருக்கென்றால், அஸ்திவாரம் கீழ்த் தளத்தாருக்கு மட்டுமா?" என்று கேட்டேன். கீழ்த் தளத்துப் பஞ்சாபி அம்மையார் சிரித்துவிட்டு, முதற் கையை உயர்த்தினார். செலவை அனைவரும் பகிர்வதென்று முடிவாயிற்று.

அன்பர்களே, வாடகை வீட்டில் உடையவர் வேறு. கூட்டுறவு வீட்டில் உடையவர் நாமே. சங்கத்தோடு பிணக்கு நேரின் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். தீர்மானத்தைக் கேட்டுப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் முன், கூட்டத்துக்குச் செல்லுங்கள். நாம் வாராத நாற்காலியும் அங்கே 'சம்மதம்' என்றே சொல்லுகிறது.