பிச்சுவுக்கு ஒரு காலண்டர்

எங்கள் நாய்க்கு 'பிஜு' என்று பெயர் வைத்தவர் பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். பிஜு என்றால் பிரெஞ்சில் நகை. அம்மா வாயில் அது முதல் நாளே 'பிச்சு' ஆகிவிட்டது. முத்தியால்பேட்டை வீட்டில் 13 வருஷம் வளைய வந்தான்.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டுவிட்டது. "குணமாக்க முடியாது. ஆனா, இருக்கிற வரை கஷ்டமில்லாம வீட்லயே வச்சுப் பார்த்துக்கலாம்" என்ற டாக்டர், எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ரிங்கர் லாக்டேட் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செருக வேண்டும். நரம்பைத் தேட வேண்டியதில்லை. ஏறிய நீர் தோலுக்கடியில் சின்ன மூட்டையாகத் தொங்கும். சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். என் கை நடுங்கியது. அம்மாதான் ஊசியை வாங்கிப் போட்டார்.

படுக்கைப்புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்க வைத்தோம். 'நாம போடுற வலி மாத்திரையில பாதி கொடுங்க' என்றார் தெருவில் ஒருவர். நல்லவேளை, டாக்டரைக் கேட்டோம். ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் சிறுநீரகத்தையே பதம் பார்க்குமாம்.

சண்டை வந்தது சாப்பாட்டில்தான். அவன் முகத்தைத் திருப்பினாலும் அம்மா தயிர்சாதத்தைக் கரைத்து சிரிஞ்சில் புகட்டுவார். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்றால், "பட்டினி போட்டு அனுப்பச் சொல்றியா?" என்பார். கருணைக்கொலை என்ற வார்த்தையை எடுத்தாலே அடுக்களைக்குள் போய்விடுவார்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-ல் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 மார்க். 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். படித்துக் காட்டினேன். "மார்க் போட இவன் என்ன பரீட்சையா எழுதறான்?" என்றார் அம்மா.

ஆனால், மறுநாளிலிருந்து காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சில் குறிகள். வாலாட்டினால் வட்டம், இல்லையென்றால் பெருக்கல் குறி. சிரிஞ்ச் அலமாரிக்குள் போய்விட்டது. நான் எதுவும் கேட்கவில்லை.

தொடர்ந்து ஆறு பெருக்கல் குறிகள் விழுந்த காலையில், "டாக்டரை வரச் சொல்லுடா" என்றார்.

டாக்டர் வருவதற்குள் பிரெஞ்சு ரொட்டியின் நடுப்பகுதியைப் பாலில் நனைத்து நீட்டினார். பிச்சு ஒருமுறை நக்கினான். முதலில் மயக்க ஊசி, பிறகு கால் நரம்பில் இன்னொன்று. தலை கடைசிவரை அம்மா மடியிலேயே இருந்தது. அன்றைய கட்டத்தில் அம்மா வட்டம் போட்டிருந்ததை ராத்திரிதான் பார்த்தேன்.

போன மாதம் அடுத்த தெருவில் ஒரு கிழப் பூனைக்கு இதே வைத்தியம் ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஊசி பிடிக்கப் பயம். அம்மாதான் தினமும் சாயங்காலம் போய் வருகிறார். "கூடாரம் மாதிரித் தூக்கு... அவ்ளோதான், பயப்படாதே" என்ற குரல் தெருமுனை வரை கேட்கும்.