முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள்

லப்டொப்பில் சத்தம் சரியில்லை என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் சொல்வது: அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுங்கள். பலருக்கு வெட்கம். ஆனால் செய்து காட்டியவுடன் பாதி வேலை முடிந்துவிடும். ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் நின்றால் மின்சாரம். ‘ஸ்ஸ்ஸ்’ என்றால் மைக்கின் அளவை அதிகமாகக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ‘டப், டப், கிரிச்’ என்று அறுந்து அறுந்து வந்தால் மென்பொருள், இல்லையென்றால் உப்பேறிய ஜக். பாட்டின் சில இடங்களில் மட்டும் ‘பர்ர்’ என்று அதிர்ந்தால் ஸ்பீக்கரேதான். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது இந்த நான்கில் ஒன்றரைக்குத்தான் உதவும்.

*

‘ம்ம்ம்’ வகைக்கு முதற் சோதனை, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓடவிடுவது. சத்தம் அந்தக் கணமே நின்றால் லப்டொப்பில் குற்றமில்லை.

இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் ரீங்காரமும் 50இலும் அதன் மடங்குகளான 100, 150இலும் நிற்கும். நம்மிடம் இருக்கும் சார்ஜர்களில் பல இரண்டு கால் பிளக்கில் ஓடுபவை, எர்த் கிடையாது. சார்ஜருக்குள் இருக்கும் சிறிய கொண்டென்சர் ஒன்றின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் கசிந்தபடியே இருக்கும். உலோக மேல்மூடியுள்ள லப்டொப்பை விரல் நுனியால் தடவினால் சுணைப்பது போலத் தெரிவது அதுதான். லப்டொப் தனியாக இருக்கும்வரை ஒன்றும் கேட்காது. எர்த் உள்ள மிக்சரிலோ அம்பிளிபயரிலோ வயரைச் செருகியதும் கசிவுக்கு ஒரு பாதை கிடைக்கிறது. அந்தப் பாதை நமது ஓடியோ வயரின் உறை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. அந்த நாட்களில் பற்றரியிலேயே எடுத்த குரல் பதிவுகள் சில என்னிடம் உண்டு. இப்போது ஹெட்போனில் கேட்டால் அடியில் அந்த ரீங்காரம் துளியும் இல்லை. லப்டொப்பில் மட்டுமல்ல, வீட்டின் சுவருக்குள்ளும் மின்சாரம் இல்லாத பதிவுகள் அவை.

*

கூத்துக் களரியில் நடப்பது இதன் பெரிய வடிவம். மைக்குகளும் மிக்சரும் கோயில் லைனில். லைட் ஜெனரேட்டரில். ஒலிப்பதிவு செய்யும் லப்டொப், பக்கத்து வீட்டு யன்னலால் இழுத்த வயரில். மூன்று இடத்து எர்த்துக்கும் இடையில் சிறு வித்தியாசம் இருந்தாலே போதும், மத்தளத்துக்கு அடியில் ஒரு ‘ம்ம்ம்’ விடியும்வரை ஓடும்.

செய்யக்கூடியது: லப்டொப்பையும் மிக்சரையும் ஒரே மல்டிபிளக்கில் போடுவது. முடியாவிட்டால் லப்டொப்பைப் பற்றரியில் வைப்பது. அதுவும் முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்போர்மர் ஒன்று போடுவது. கொழும்பிலிருந்து வரவழைக்காமல் மட்டக்களப்பு நகரிலேயே சவுண்ட் சேர்விஸ்காரர்களிடம் இரவல் கிடைக்கும். நீள வயர் என்றால் எக்ஸ்எல்ஆர் தலை போட்ட பலன்ஸ்ட் வயர்.

செய்யவே கூடாதது: சதுரக்கால் பிளக்கில் எர்த் காலை முறித்துவிடுவது, அல்லது உள்ளே எர்த் வயரைக் கழற்றிவிடுவது. ரீங்காரம் நிற்கும், உண்மை. மழை ஈரமான களரியில் மைக்கைப் பிடித்து நிற்பவரின் உயிருக்கு இருந்த ஒரே காவலும் அதோடு போய்விடும். இதைப் பழக்கமாகச் செய்கிறவர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். இனியும் பிடிப்பேன்.

*

அந்த ரீங்காரத்தை உற்றுக் கேளுங்கள். 50க்கு 100 மேல்தாயி. 100க்கு 150 என்றால் 3:2, அதாவது குரலுக்கு இளி. காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞானம் கற்று, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நடத்திய விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் யாழ்களின் நரம்புகளுக்கு இப்படித்தான் எண்களால் கணக்கிட்டு 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவருடைய கணக்கை மின்சார வயரிலும் கேட்கலாம். ஆபத்தும் அங்கேதான்: சுருதி சுத்தமான இந்த இரைச்சல் மானிட்டர் ஸ்பீக்கரில் ஓடினால் பாடுகிறவர் தன்னையறியாமல் அதன் பக்கம் சாய்வார். சுருதிப் பெட்டி ஒரு பக்கம் இழுக்க, கரண்ட் மறுபக்கம் இழுக்கும்.

*

கைத்தொலைபேசியை மிக்சர் மேல் வைக்காதீர்கள். அழைப்பு வருமுன் ‘டிடிட் டிடிட்’ என்று பதிவில் விழும். பின்னர் எடுக்க வழியில்லை.

*

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம்: எது இரைச்சல், எது பாட்டு என்பது.

ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர், 1848இல் மட்டக்களப்புக்கு வந்து நிலவில் தோணியேறி வாவியின் நீரடியிலிருந்து வரும், மீன் பாடுவதாகச் சொல்லப்படும் பாட்டைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு அதை ஒப்பிட்டு, 1859இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். ஒரே நீண்ட சுரமாக அல்ல, தனித்தனியான பல சின்னச் சின்ன ஒலிகளாக வந்ததாம். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது கூடிக் கேட்டதாம். பாடுவதாக மீனவர்கள் அவரிடம் சொன்னது மீனையல்ல, ஓட்டுயிரான ஊரியை. நம் ஊரில் துடுப்பை நீரில் இறக்கி மேல்நுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். காற்றின் இரைச்சலை ஒதுக்கிவிட்டு நீரின் சத்தத்தை மட்டும் காதுக்குக் கொண்டுவர அதைவிட எளிய கருவி இல்லை.

1950களில் இங்கிருந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலியில் போனது. பாடுவது எந்த உயிர் என்ற கேள்வி அதற்குப் பிறகும் முடியவில்லை.

இப்போது யோசியுங்கள். அப்படி ஒரு பதிவை இன்றைய லப்டொப்பில் போடுகிறோம். மெல்லிய, ஏற்ற இறக்கம் குறைந்த ஒலி. ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ என்ற மென்பொருள் எதை இரைச்சல் என்று அடையாளம் காண்கிறது? மெல்லியது, மாறாமல் நிற்பது, பேச்சுக் குரல் அல்லாதது. வாவியின் பாட்டுக்கு இருக்கும் அத்தனை அடையாளங்களும் அவைதான். ஒரு சொடுக்கில் மீன் போய்விடும். மிஞ்சுவது தோணிக்காரர் இருமியது.

*

இது கற்பனைப் பயம் அல்ல. 1980களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சோசலிட்டோவில் படகு வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இரவில் தூக்கமில்லை. அடியிலிருந்து ஒரே ‘ம்ம்ம்’. மின்பம்பு என்றார்கள், ஜெனரேட்டர் என்றார்கள், இராணுவத்தின் இரகசியச் சோதனை என்றும் சொன்னார்கள். கடைசியில் அது மிட்ஷிப்மன் என்ற மீன். ஆண் மீன் பெண்ணை அழைக்கக் காற்றுப்பையின் தசையை அதிரவிட்டு மணிக்கணக்காக முனகும். அதன் சுருதி 100 ஹெர்ட்ஸுக்கு அருகில். நமது மின்சார ரீங்காரத்தின் இரண்டாம் மடங்கும் அதே இடம். 100இல் ‘நொட்ச் பில்டர்’ போட்டுக் கரண்டை வெட்டுகிறவர், அந்தக் குடும்பத்து மீன் ஒன்று பதிவில் இருந்தால் அதையும் சேர்த்தே வெட்டுவார்.

ஆகவே வெட்டுவது கடைசி. சார்ஜர், எர்த், வயர், ஜக் எல்லாம் பார்த்து இரைச்சல் வரும் வழியை அடைத்த பிறகும் மிஞ்சினால் மட்டும் பில்டர். அதுவும் அசல் கோப்பின் பிரதி ஒன்றில். ஓடாசிட்டி என்ற மென்பொருளில் இரைச்சலை ஒரேயடியாக 24 டெசிபெல் குறைக்காமல் 6 குறைத்துப் பாருங்கள். ‘ரெசிடியூ’ என்ற தெரிவைப் போட்டால் எது நீக்கப்படுகிறது என்று தனியாகக் கேட்கலாம். அதில் சல்லரியின் கிணுக்கமோ மத்தளத்தின் கார்வையோ கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

*

சூமில் கூத்து வகுப்பு நடத்தும்போது மத்தளம் ‘டப்’ என்று ஒருமுறை கேட்டுப் பிறகு காணாமல் போவதும் இதே கதை. சூம் அதை இரைச்சல் என்று அடக்குகிறது. ‘ஒரிஜினல் சவுண்ட் போர் மியூசிஷியன்ஸ்’ என்பதை இயக்கினால் விட்டுவிடும். விண்டோஸிலும் ‘ஓடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அணைத்துவிட்டுக் கேளுங்கள். அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 வீதம் குறைக்கும் ஏற்பாடு ‘கொமியூனிகேஷன்ஸ்’ பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாக இருந்து, மைக்கை இயக்கியதும் பழைய தொலைபேசி போல ஆவது பழுது அல்ல. மைக் வேலை செய்யும்போது அது தாழ்ந்த தரத்துக்கு மாறிவிடும். வயர் ஹெட்போன் போதும்.

*

களரியில் எடுத்த பதிவை வீட்டில் போட்டுக் காட்டியபோது, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொன்னார்: “இது என்ட குரல் இல்ல தம்பி. தொண்டை கட்டினவன் பாடுற மாதிரிக் கிடக்கு.”

கருவி நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்திருந்தது, லப்டொப் அதை 44,100 என்று எடுத்துக்கொண்டு ஓடவிட்டது. வேகம் எட்டு வீதம் குறைந்து, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மற்ற யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு முதல் விருத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வைத்ததும் “ஓம், இப்ப நான்தான்” என்றார். எந்த அளவுகருவியையும்விட அந்தக் காதை நம்புகிறேன்.

*

அறுந்து அறுந்து வரும் ‘டப் டப்’: வைஃபையை அணைத்துப் பாருங்கள். சில ட்ரைவர்கள் புரொசசரை மறித்துக்கொள்வதால் ஓடியோவுக்கு நேரத்துக்குத் தரவு வராது. பதியும் மென்பொருளில் ‘பபர்’ அளவைக் கூட்டுங்கள். அதன் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் உபுண்டுவை பென் ட்ரைவில் போட்டு அதிலிருந்து லப்டொப்பை இயக்கிப் பாட்டுப் போடுங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் குற்றம் விண்டோஸில். அங்கேயும் அறுந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். காசு கொடுக்குமுன் இதைச் செய்துவிட்டுப் போனால் கடையில் பேச்சே வேறு.

*

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கல்லடி, நாவற்குடா, பூநொச்சிமுனை எங்கும் உப்புக் காற்று. இரும்புக் கேற்றைத் தின்னும் அதே உப்பு, ஹெட்போன் ஜக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை விடுமா? ஹெட்போனைக் கழற்றிய பிறகும் செருகியிருப்பதாக லப்டொப் நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திறக்காமல் இருப்பது இதனால்தான். பவரை முழுதாக அணைத்து, ஐசோபுரோபைல் அல்ககோல் நனைத்த மெல்லிய பஞ்சுக் குச்சியை உள்ளே சுழற்றி, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கடற்கரையில் லப்டொப்பை மணலில் வைத்தவர்களுக்கு வேறு பிரச்சினை. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மணலில் இழுத்தால் கரிய துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். கிழக்குக் கரையின் கருமணல் அது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட்டுக்காகத் தோண்டுவதும் இப்படிப்பட்ட மணலைத்தான். ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம் உண்டு. துகள்கள் வலைக்குள் போய் மென்படலத்தில் உட்கார்ந்தால் சில சுரங்களுக்கு மட்டும் ‘பர்ர்’ என்னும். கவிழ்த்துப் பிடித்து மென்தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊதினால் இன்னும் உள்ளே போகும்.

கீபோர்ட் நடுவில் மேடு தட்டி, டச்பேட் அமுங்காமல், ஸ்பீக்கரும் அதிர்ந்தால் அது ஊதிய பற்றரி. மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அணைத்து, சார்ஜ் போடாமல், பற்றரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

*

“மத்தளத்தின் இடந்தலை கேட்கவே இல்லை, பதிவு பிழை” என்கிறவர்களுக்கு: பதிவு சரி. விரலளவு ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகப் பேச முடியாது. கேட்கவில்லையே என்று விஎல்சியில் ஒலியளவை 100 வீதத்தைத் தாண்டி ஏற்றினால் ஒலி உச்சியில் வெட்டுப்பட்டுக் கிழியும். தொடர்ந்து அப்படி ஓட்டினால் ஸ்பீக்கரும் கிழியும். மீன்களின் ஒலிகளில் பெரும்பாலானவை ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் வாவிப் பதிவுக்கும் இதே விதி. ஹெட்போனில் கேட்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

*

வாவியில் தாங்களே பதிந்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு. அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ தட்டையை நேராக லப்டொப்பின் மைக் ஜக்கில் செருகினால் சன்னமான கீச்சொலியும் ரீங்காரமும்தான் வரும். அதன் மின்தடை மிக உயர்ந்தது. நடுவில் ஒரு சின்னப் பிரீஅம்ப் வேண்டும், தட்டைக்கும் பிரீஅம்புக்கும் இடையில் உறையிட்ட வயர் வேண்டும், வயர் குட்டையாக இருக்க வேண்டும். தட்டையின் ஓரங்களை எபொக்சியால் முழுதாக மூடுங்கள். வாவி உவர்நீர், ஊசித் துளை இருந்தாலும் உள்ளே போகும்.

பாட்டுக் கேட்பதாகச் சொல்லப்படும் காலம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, நிலவு இரவுகள். 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்துக்கு அடியில் தொடங்காதீர்கள், வாகன அதிர்வு தூண் வழியாக நீருக்குள் இறங்கும். தோணியை எட்டத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, லப்டொப் பற்றரியில், காற்றாடி சுழலாதபடி மற்ற மென்பொருள்களை மூடிவிட்டு, 24 பிட், 48,000, வேவ் கோப்பு. பில்டர் எதுவும் வேண்டாம். முதலில் தட்டையை நீருக்கு வெளியே பிடித்து ஒரு நிமிடம் பதியுங்கள். கருவியின் சொந்த இரைச்சல் என்ன என்று பிறகு ஒப்பிட அது வேண்டும். கோப்பின் பெயரில் இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள்.